வாசலில் கழற்றிய சப்பாத்து

வேலை முடிந்து, இப்போது நான் இருக்கும் குளிர் ஊரான ட்வெய்ட்டாவில் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாசலில் பனிச் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபோது ஈரக் காலுறைகளின் மணம் வந்தது. இடுப்புப் பக்கம் நாரி பிடித்துக்கொண்டது, அங்கிருந்த சின்ன வாங்கிலேயே இருந்துவிட்டேன்.

சின்ன வயதில், சிட்னியில் நான் படித்தது கிறிஸ்தவப் பள்ளிக்கூடம். நாங்கள் சைவ சமயம். புதன்கிழமை ஆராதனைக்குப் பெற்றோரும் வரலாம். இரவு வேலை முடித்து நேரே வந்த அம்மா, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தா.

"அம்மா, இஞ்சை ஒருத்தரும் கழட்டுறேல்லை."

"சாமி இருக்கிற இடமெல்லோ?"

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் சப்பாத்தைக் காணவில்லை. யாரோ அதைத் தொலைந்த சாமான் பெட்டிக்குள் போட்டிருந்தார்கள். அந்தப் பெட்டியில் இருப்பதைத் திருப்பி எடுக்க, எல்லார் முன்னாலும் ஒரு பாட்டுப் பாடவேண்டும் என்பது பள்ளிக்கூட வழக்கம். உங்களுக்கு வேண்டாம் என்று அதிபர் சிரித்தபடி சொன்னார். அம்மா கேட்கவில்லை. வெயில் முற்றத்தில் வெறுங்காலோடு நின்று தேவாரம் பாடினா. இடையில் கொட்டாவி வந்தது; விட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடி முடித்தா. பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அடுத்த வேலைக்கு பஸ் பிடிக்கப் போனா.

"அப்பா, எழும்புங்கோ, போவம்" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"களைச்சுப் போனன் பிள்ளை. கொஞ்சம் பொறு."

அம்மா அப்படிச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.