இருமல் சிஸ்டரும் தூங்குகிற நரம்பும்

கையுறையின் ஒரு விரலுக்குள் ஐஸ் துண்டைத் திணித்து, முடிச்சுப் போட்டுக்கொண்டே வார்டுக்குள் நுழைகிறார் சிஸ்டர். நுரையீரலில் ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவரின் விலாவில் அதை வைத்து, "ஜில்லுனு இருக்கா? இங்கே? இங்கே?" என்று மேலிருந்து கீழே இறங்குவார். ஜில்லிப்புத் தெரியாத இடமெல்லாம் மருந்து பிடித்த இடம். அறுத்த கையோடு விலா எலும்புகளுக்கு நடுவே டாக்டர் போட்டுவிடுகிற ஊசி அது. இரண்டு மூன்று நாளைக்கு அந்தப் பக்கத்து நரம்பை மரத்துப்போக வைக்கும்.

அதற்குப் பிறகுதான் அவருடைய வேலையே ஆரம்பம். "சரி, இப்ப இருமுங்க."

வலிக்குப் பயந்து இருமாமல் கிடந்தால் சளி உள்ளேயே தங்கிக் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். அதற்காகத்தான் அந்த ஊசியே. வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் அவருக்கு வைத்திருக்கிற பெயர், இருமல் சிஸ்டர்.

ஐம்பத்துமூன்று வயது. குள்ள உருவம், குடுகுடு நடை. இருமலில் அவருக்குத் தெரியாத ரகம் இல்லை. சினிமாக் கொட்டகை இருட்டில் யாராவது இருமினால், "தொண்டைதான், பயமில்லை" என்று வீட்டுக்காரர் காதில் சொல்லுவார். நாத்தனார் ஃபோன் பண்ணினால் சௌக்கியம் கேட்பதற்கு முன்னாலே, "எங்கே, ஒரு தடவை இருமு" என்பார். அந்த அம்மாளும் ஒழுங்காக இருமிக் காட்டிவிட்டுத்தான் மருமகளைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பிப்பாள்.

அன்றைக்கு அவரைப் படுத்தியது ஏழாம் கட்டில். மீன் ஏலம் போடுகிறவர். சந்தையில் நின்று கூவினால் படகுத்துறைக்குக் கேட்கிற தொண்டை. அவர் இரண்டு நாளாக ஜாடையில் பேசுகிறார். கூட இருந்த அக்காளும் அக்காள் வீட்டுக்காரரும் கிசுகிசுக்கிறார்கள். அக்காள் வீட்டுக்காரருக்குத் தும்மல் வந்தால் வராந்தாவுக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வருகிறார்.

ஐஸ் விலா முழுக்கத் தெரியவில்லை. ஊசி நன்றாகவே பிடித்திருக்கிறது. ஆனால் இருமச் சொன்னால் மாட்டேன் என்று தலையாட்டுகிறார். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் சளி கரகரக்கிறது. நாளைக்கு மருந்து விட்டுப்போகும். வலி இல்லாதபோது வராத இருமல் வலியோடு எங்கே வரப்போகிறது?

"வலிக்குதா ஐயா?"

இல்லை என்று கையை விரித்தார்.

"பின்னே ஏன்?"

அக்காள்தான் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "டாக்டர் சொன்னாரே சிஸ்டர், நரம்பைத் தூங்க வச்சிருக்கோம், மூணு நாள் தூங்கும்னு. இருமினா முழிச்சுக்காதா? தம்பி வலி தாங்க மாட்டான்."

சிஸ்டர் சற்று நேரம் திரும்பி நின்று ஜன்னல் திரையைச் சரிசெய்தார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கட்டில் ஓரமாக உட்கார்ந்து, அவர்களைப் போலவே கிசுகிசுத்தார். "அந்த நரம்புக்குக் காது கிடையாதுங்க. நீங்க கத்தினாலும் முழிக்காது, தாலாட்டினாலும் இன்னும் கொஞ்ச நேரம் தூங்காது. மருந்து கரைஞ்சாத்தான் எழுந்திருக்கும். அதுக்குள்ளே சளியை வெளியே கடத்திடணும்."

"நிஜமாவா?" என்றார் ஏலக்காரர். இரண்டு நாளில் முதல் பேச்சு.

"இருமித்தான் பாருங்களேன்."

தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டு பூனை போல ஒன்று இருமினார்.

"இது பொடிமீனுக்கு. பெரிய மீனுக்கு?"

கட்டில் அதிர இன்னொன்று. உடனே விலாவைத் தொட்டுக்கொண்டு, யாராவது எழுந்து வருகிறார்களா என்பதுபோல் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. மூன்றாவது இருமல் அடிநெஞ்சிலிருந்து கிளம்பிற்று. கெட்டிச் சளி கிண்ணத்தில் வந்து விழுந்தது.

"இனிமே பேசலாமா?" என்றார் அக்காள் வீட்டுக்காரர், உரக்க.

"பேசாம இருந்தப்பதான் அழகா இருந்தீங்க" என்றாள் அக்காள்.

சிஸ்டர் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கி, பிறந்த பிள்ளை யார் ஜாடை என்று பார்க்கிற மாதிரி, இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.