அக்கா மாற்றிய வழி

காலை ஆறு ஐந்து. கண் விழித்ததும் முதலில் தெரிந்தது இஸ்திரிப் பெட்டி. மன்னார்ப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தின் விருந்தினர் அறையில், மேசையில் துவாயை விரித்து, அக்கா என் சேலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா என் பெரியம்மாவின் மகள். இருவரும் கனடாவில்; அவர் ஒஷாவாவில் இருக்கிறார், நான் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்டில். இலங்கையின் நாட்டுப்புறத்தை நடந்தே பார்ப்பது என் யோசனை. வாகனம் பிடிப்பதில்லை, மலிவான இடங்களில் தங்குவது, சொந்தக்காரர் எவருக்கும் சொல்வதில்லை. கனடாவிலிருந்து வந்தது தெரிந்தால் சொக்லேட்டும் சவர்க்காரமும் சுமந்து வீடு வீடாகப் போகவேண்டும். ஒரு வீட்டை விட்டால் அது வருடக்கணக்கில் கோபம். அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். மலைநாட்டில் நான் போட்டிருந்த வழியை மட்டும் மாற்றினார்.

"மலை ஏற என்ர முழங்கால் விடாது. மன்னார்ப் பக்கம் குளமும் வயலும் நல்ல வடிவு."

வடிவாகத்தான் இருந்தது. குளக்கட்டில் எருமைகள் வழிவிடவில்லை. நாங்கள்தான் சரிவில் இறங்கி நின்றோம். அறுத்த வயலில் மயில்கள் கோழிகளைப் போல மேய்ந்தன. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, கொஞ்ச தூரம் எங்களோடு உருட்டிக்கொண்டு வந்தார்.

"கனடாவிலயிருந்து வந்து நடக்கிறியளோ? காசு முடிஞ்சு போச்சோ?"

"முடியக்கூடாது எண்டுதான் நடக்கிறம் அண்ணை."

நான் மாட்டையும் வரம்பையும் படம் எடுத்தேன். அக்கா என்னை எடுத்தார். தங்கும் இடத்துக்குப் போனதும் வைஃபை இருக்கிறதா என்றுதான் முதலில் விசாரிப்பார். பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிற எனக்கே, படங்கள் யாருக்குப் போகின்றன என்று கேட்கத் தோன்றவில்லை.

"வழியில மாதா கோயில் இருக்கு. காற்சட்டையோட உள்ளுக்குப் போகேலாது" என்று அன்று காலை தேய்த்த சேலையை நீட்டினார். முதுகுப் பையும் சப்பாத்துமாகச் சேலையில் நடந்தேன். கோயில் பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டில் தண்ணீர் கேட்போம் என்றார். நாங்கள் கூப்பிட முன்பே படலை திறந்தது.

உள்ளே கதிரைகள் வரிசையாக இருந்தன. மேசையில் பயற்றம் பணியாரம், கேக், வாழைப்பழம். சுவரில் பட்டமளிப்பு உடுப்போடு ஒரு படம். அந்த முகத்தை எனக்குத் தெரியும். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மிசிசாகாவில் இருப்பவர். கோடையில் எனக்கு அவரைக் கல்யாணம் பேசியிருந்தார்கள். ஒருமுறை சந்தித்த பிறகு வேண்டாம் என்றேன். அதை அவருக்குச் சொல்லும்படி அக்காவிடம்தான் சொன்னேன்.

அவருடைய தாயார் என் கையைப் பிடித்தார். "வாங்கோ பிள்ளை. நேற்று வாய்க்காலில கால் கழுவின படம் பாத்தனாங்கள். நல்லாக் கறுத்துப் போனியள். நீங்கள் ஓம் எண்ட பிறகுதான் எனக்கு ஒழுங்கா நித்திரை."

"நான் ஓம் எண்டு சொல்லேல்லை அன்ரி."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா வாழைப்பழத்தைப் பார்த்தார். தகப்பனார் எழுந்து, சுழன்றுகொண்டிருந்த காற்றாடியை இன்னும் கூட்டிவிட்டார். தாயார் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

"தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ. நடந்து வந்தனீங்கள்."

குடித்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "நான் வேண்டாம் எண்டதை நீங்கள் சொல்லவேயில்லையா?"

"முதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது. நானும் சொன்னனான். இப்ப ரெண்டு பிள்ளை."

"அப்ப இந்த நடை?"

"நீ கேட்ட நடையை நடந்தனிதானே. இந்த முழங்காலோட நானும் உன்னோட நடந்தன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மன்னாருக்கு பஸ் ஏறினார். நான் அதே சேலையில் அடுத்த ஊருக்கு நடந்தேன்.

ரொறன்ரோவுக்கு எனக்கு முன்பே கதை வந்துவிட்டது. ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அன்ரி ஒருவர் குனிந்து கேட்டார்: "மாப்பிள்ளை வீட்டுக்கு பஸ்ஸுக்கும் நிக்காமல் நடந்தே போனீராம்?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு மேசை தள்ளி அக்கா இருந்தார். அவரும் சிரித்தார்.

அந்தப் பயணத்தில் நான் எடுத்த படங்கள் என் போனில் இருக்கின்றன. ஒன்றிலும் நான் இல்லை.