மதிலேறிப் போன பிள்ளை

போன மாதம் எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தில் ஓர் அவசரக் கூட்டம். பழைய மாணவன் என்று என்னையும் பிடித்து இருத்திவிட்டார்கள்.

பிரச்சினை இதுதான். பதினோராம் வகுப்பில் படிக்கும் நிலா, கடைசிப் பாடத்துக்கு நிற்காமல் மதிலேறிப் போய்விடுகிறாள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல... அடிக்கடி! பள்ளியை விட்டு நிறுத்துவதா, வேண்டாமா?

"சோதினை வரப்போகுது சேர். இப்ப நிப்பாட்டினா அவளின்ரை படிப்பே போயிடும்" என்று தாய் அழாக்குறையாகச் சொன்னார்.

யார் கேட்டார்கள்? "எல்லாத்துக்கும் போன்தான் காரணம்" என்றார் ஒருவர். "வெளிநாட்டுக் காசு" என்றார் இன்னொருவர் — அவருடைய மாடி வீடே வெளிநாட்டுக் காசுதான்! நானும் விடவில்லை. டிக்டொக் பற்றி ஒரு குட்டிப் பிரசங்கம் வைத்தேன்.

பள்ளி அதிபர் பையைத் தோளில் போட்டபடியே இருந்தார். "கெதியா முடிப்பம். போட் வெளிக்கிடப் போகுது."

அவரும் மற்ற ஆசிரியர்களில் முக்கால்வாசிப் பேரும் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள். பள்ளி விடுவதற்கு முன்பே படகு போய்விடும். அடுத்த படகு பின்னேரம்தான். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருக்குமே... பாவம்தான்.

பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்போமே என்றேன். நிலா வந்து நின்றாள்.

"ஏன் பிள்ளை, மதிலாலை போறீர்?" என்றார் அதிபர்.

"கடைசிப் பாடம் கணக்கு, சேர். ரீச்சர் போட்டுக்குப் போயிடுவா. சும்மா இருக்க ஏலாமல் நான் வீட்டை போய்க் கணக்குச் செய்யிறனான். ரீச்சர் கேற்றாலை போகலாம். என்னை விடமாட்டினம். அதுதான் மதிலாலை..."

"வாயை மூடடி!" என்று தாய் அவளைக் கையில் பிடித்து இழுத்தார்.

என் பிரசங்கத்தை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

இறங்குதுறைப் பக்கம் படகு ஹோர்ன் அடித்தது. அதிபர் எழும்பவில்லை. பையைக் கழற்றிக் கதிரையில் வைத்தார்.

"தண்டனை ஒண்டும் இல்லை. நாளையிலை இருந்து கடைசிப் பாடம் நான் எடுக்கிறன். நானும் கணக்கு வாத்திதான்."

மாணவர் ஒழுக்கம் கெட ஆயிரம் காரணம் சொல்லலாம். வகுப்பில் ஆசிரியர் நிற்கிறாரா என்று முதலில் பாருங்கள். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

இப்போது மதிலில் யாரும் ஏறுவதில்லை. பின்னேரப் படகில் வீட்டுக்குப் போகும் அதிபர்தான் மனைவியிடம் தினமும் ஏச்சு வாங்குகிறாராம். ஒழுக்கத்துக்காக யாராவது ஒருவர் ஏச்சு வாங்கத்தானே வேண்டும்!