சின்னச் சத்தத்தைத் தூக்கும் நீலப் பெட்டி

கம்ப்ரஸர் பெடல் விக்கிற தொழில்ல ஒரு கஷ்டம்: அது வேலை செய்யுதான்னு வாங்க வந்தவருக்கும் தெரியாது, விக்கிற நமக்கும் சத்தியமா தெரியாது. திண்டுக்கல்ல ஒரு கிடார் கடையில ஒம்பது வருஷமா நிக்கிறேன். உங்களை மாதிரி கவுன்ட்டர்ல காலம் தள்ளுறவங்களுக்குத்தான் இந்தப் பாடு புரியும். எலெக்ட்ரிக் கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல மாட்டி, காலால மிதிக்கிற பெட்டி அது. பெரிய சத்தத்தை அமுக்கும், சின்னச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். எந்தச் சின்னச் சத்தம்னு அது பார்க்காது.

ஃபேன் கச்சேரி

ஆயக்குடியிலிருந்து ஒரு கச்சேரிக்காரர் வந்தார். இருக்கிற குமிழையெல்லாம் கடைசி வரைக்கும் திருகிட்டு வாசிச்சார். நிறுத்துனதும் கடையோட மொத்தக் கரண்ட் இரைச்சலும் கிடார் வழியா ஸ்பீக்கர்ல ஏறி வந்துச்சு. அண்ணாந்து பார்த்தவர் சொன்னார்: "ஏனுங்க, நான் நிறுத்துனா உங்க ஃபேன் வாசிக்குதுங்களே."

அஞ்சாவது பெட்டி

சேவியர்னு ஒருத்தன், சர்ச்சுல கிடார் வாசிக்கிறவன். அங்கே ட்ரம்ஸ் வாசிச்ச ஜான் அவனுக்குப் பன்னெண்டு வருஷக் கூட்டாளி. தை மாசம் லாரி மோதிச் செத்துப் போனான். ஜான் குச்சியைத் தட்டி "ஒன், டூ, த்ரீ"ம்பான். நாலாவது தட்டுல சேவியர் வாசிக்க ஆரம்பிப்பான். அவன் போன பிறகு சேவியருக்குப் பாட்டை ஆரம்பிக்கவே வரல. மூணு ஞாயித்துக்கிழமை மொத்தச் சபையும் காத்துக் கிடந்துச்சு. இந்த வாரமும் இப்படின்னா வேற ஆளை வச்சுக்கிறோம்னு பாட்டுக் குழுவை நடத்துற கொயர் மாஸ்டர் சொல்லிட்டாராம்.

நல்ல பெடல் இருந்தா கை வரும்னு நம்பி வந்திருக்கான், பாவம். அஞ்சைக் காட்டினேன். நாலு பிடிக்கல. அஞ்சாவது, யாரோ வித்துட்டுப் போன பழைய நீலப் பெட்டி. ஒரு கம்பியை மீட்டி விட்டான். அந்தச் சத்தம் தேயத் தேய இரைச்சல் மேல வந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டே சொன்னான்: "அண்ணே, ஜான் எண்ணுறான்."

வேண்டாம்னு சொன்ன வியாபாரி

பயந்துட்டேன், ஒளிக்காமச் சொல்றேன். ஃபேனை நிறுத்தினேன், டியூப்லைட்டை அணைச்சேன், ரெண்டு பேர் போனையும் வாசல்ல கொண்டு போய் வச்சேன். எனக்குக் கேட்டது வெறும் இரைச்சல். "அப்பு, இது எங்கயோ ரேடியோவை இழுக்குது. இரைச்சல் இல்லாததா ஒண்ணு எடுத்துக்க"ன்னு கெஞ்சினேன். அவன் பெட்டியை மடியில வச்சுக்கிட்டான்: "இரைச்சல் போச்சுன்னா அவனும் போயிருவான்ணே."

திங்கக்கிழமை காலை

வாங்கிட்டுப் போனவன் ஞாயித்துக்கிழமை அதை மாட்டி வாசிச்சுட்டான். ஒரு பாட்டு விடாம. கொயர் மாஸ்டர் கட்டிப் பிடிச்சாராம், வேலையும் தப்பிச்சது. மறுநாள் நான் கடை திறக்கும்போதே வந்து பெட்டியை நீட்டினான், முகத்துல ரத்தமே இல்ல. "அதான் வாசிச்சிட்டியே, அப்புறம் என்னலே?"ன்னேன். "சபை கலைஞ்சுபோச்சு, பெட்டியைக் கழட்டிப் பையிலயும் போட்டுட்டேன். இன்னும் எண்ணுறான்ணே. பாட்டு முடிஞ்சது அவனுக்குத் தெரியல."

திரும்பி வந்த சாமானை மாட்டிப் பார்த்துத்தான் அலமாரியில வைப்போம். மாட்டினேன், இரைச்சல்தான் கேட்டுச்சு, ஆனா என் கால் அது பாட்டுக்கு மூணு தட்டு தட்டிட்டு நின்னுச்சு.

இப்ப யாராவது அந்த நீலப் பெட்டிக்கு விலை கேட்டா, அது ஏற்கெனவே ஒருத்தருக்கு எடுத்து வச்சதுன்னு சொல்லிடுறேன்.