வராத வக்கீலும் வண்டிப்பாதையும்

பேரிகை என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்களுக்கு ரோஜாத் தோட்டம். அங்கிருந்து தார் ரோட்டுக்கு வர ஒரே வண்டிப்பாதைதான். அது தன்னுடையது என்று பக்கத்து நிலத்துக்காரர் ஓசூர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அம்மா வைத்த வக்கீல் பதில் மனுகூடப் போடாமல் காலத்தை ஓட்டியதில், தீர்ப்பு ஒருதலையாக எதிராளி பக்கம் போனது. பாதையில் கம்பிவேலி முளைத்தது, டெம்போ நின்றுபோனது. அம்மா பூக்கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தாள். ரோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பூ வதங்கிவிடும். இப்படியே போனால் தோட்டத்தை விற்க வேண்டியதுதான்.

வக்கீல் போனை எடுக்காதவர் என்று பழி சொல்ல முடியாது. தெலுங்கில் பேசினால் தெலுங்கு, கன்னடத்தில் பேசினால் கன்னடம், எதிலும் வாய் நிறைய நம்பிக்கை கொடுப்பார். எப்போது கேட்டாலும் கிருஷ்ணகிரி கோர்ட்டில் இருப்பதாகச் சொல்வார். ஆள் அவ்வளவு பிஸி என்று அம்மாவுக்குப் பெருமை வேறு.

நான் ஓசூரில் ஒரு பாக்டரியில் வேலை பார்க்கிறேன். கேன்டீனில் என்னோடு சாப்பிடும் ஊத்தங்கரைத் தோழி ஒருநாள் தன் விவாகரத்து வழக்கைப் பற்றிப் புலம்பினாள். அவளுடைய வக்கீல் கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கே வருவதில்லையாம், கேட்டால் எப்போதும் ஓசூரில் இருக்கிறாராம். பெயரைக் கேட்டேன், எங்கள் வக்கீலேதான். அங்கேயே ஸ்பீக்கரில் போட்டு அவரைக் கூப்பிட்டேன். கிருஷ்ணகிரியில் வாதாடிக்கொண்டிருக்கிறேன் என்றார். வைத்த கையோடு அவள் கூப்பிட்டாள். ஓசூரில் ஜட்ஜ் முன்னால் நிற்கிறேன் என்றார். இரண்டு தடவையும் பின்னால் மேளச் சத்தம், பந்தியில் யாரோ ரசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சூப்பர்வைசர் வந்து முறைத்த பிறகும் அடங்கவில்லை.

வக்கீல் மேல் புகார் எழுதித்தர இன்னொரு வக்கீல் யாரும் முன்வரவில்லை. வக்கீல்களை விசாரிக்கிற பார் கவுன்சிலுக்கு நாங்களே எழுதி அனுப்பினோம். சென்னையில் அதன் ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரணைக்குக் கூப்பிட்டபோது, பயமும் குஷியுமாக ரயில் ஏறினோம். எலுமிச்சைச் சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு தோழி அவர் குரலில் பேசிக் காட்டக் காட்ட, எனக்கு வயிறு வலித்தது. அம்மா மட்டும் சிரிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

வக்கீல் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். கோட்டுக்கு இஸ்திரி போட்டிருந்தார். தன் வழக்கு என்றதும் மனிதருக்கு நேரம் தெரிந்திருக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தவர், உடம்பு சரியில்லை, வேறு தேதி வேண்டும் என்று கேட்டார். எங்களுக்கு முகம் செத்துவிட்டது. குழுவில் நடுவில் இருந்தவர் அம்மாவிடம், வாய்தா கொடுக்கலாமா என்று கேட்டார்.

அம்மா எழுந்தாள்.

"குடுங்க சார். அவரு வர்ற வரைக்கும் நானு இங்கியே உக்காந்துகினு இருக்கறேன். ஓசூர் கோர்ட்டுல எம்பேரக் கூப்புடறப்பல்லாம் ஒத்தையா எந்திரிச்சி, வக்கீலு வந்துருவாரு சாமின்னு சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிப்போச்சு."

வாய்தா கிடையாது, இப்போதே பதில் சொல்லுங்கள் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டார்கள். மூன்று மொழி தெரிந்த மனிதருக்கு அன்றைக்கு ஒரு மொழியும் வரவில்லை. கொஞ்ச காலம் எந்தக் கோர்ட்டிலும் வழக்கு நடத்தக் கூடாது என்று உத்தரவானது. அதை வைத்துப் புது வக்கீல் பழைய தீர்ப்பை ரத்து செய்ய வைத்தார். வழக்கு திரும்ப நடந்து, வேலி கழன்றது.

முதல் லோடு கிளம்பிய அன்று நானும் தோழியும் டெம்போவின் பின்னால் பூக்களுக்கு நடுவே ஏறிக்கொண்டோம். டிரைவர் முன் சீட்டைத் துடைத்து அம்மாவைக் கூப்பிட்டார். அவள் ஏறவில்லை. பாதையின் நட்ட நடுவில், வண்டிக்கு முன்னால், கையை வீசிக்கொண்டு நடந்தாள். ரோடு வரைக்கும் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார், அவள் ஒதுங்கவேயில்லை.