சரணத்தை வெட்டிவிட்டார்கள்

நோர்வேயில் எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமை இரவு பிற்பகல் மூன்றரை மணிக்கே வந்துவிடும். சென்னையில் எட்டு மணிக்குத் தொடங்கும் பாட்டுப் போட்டி இங்கே தொலைக்காட்சியில் அந்நேரம்தான் தெரியும். மார்கழியில் வெளியேயும் இருட்டிவிடுவதால் ஒருவருக்கும் அது விநோதமாகப் படுவதில்லை. மத்தியானம் சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவாமல் போட்டுவிட்டு உட்காருவோம். இந்த நாட்டுக்காரர் சனிக்கிழமைக்கென்றே நிறுத்து வாங்கும் கலப்பு இனிப்புக்கு 'லோர்டாக்ஸ்கொட்' என்று பெயர். அதில் ஒரு பை மேசையில் இருக்கும். பக்கத்து வீடுகளில் அவர்களுடைய போட்டி தொடங்க இன்னும் நாலு மணித்தியாலம் கிடக்கும். அதற்குள் நாங்கள் அழுது முடித்து, முகம் கழுவி, இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டிருப்போம். அழுது முடித்து என்று சும்மா சொல்லவில்லை. அழாத சனிக்கிழமை ஒன்று எனக்கு நினைவில்லை. சமையற்காரரின் மகன், கண் தெரியாத பிள்ளை, தாயை இழந்த பிள்ளை என்று கிழமைக்கு ஒருவரை எங்களுக்கென்று தேடிப் பிடித்துவிடுவார்கள்.

போன மாரியில் அப்படிப் பிடிபட்டது என் தங்கச்சியின் மகள்.

தங்கச்சி யோகா ஊரில், வன்னியின் விசுவமடுவில், கச்சான் கடலைத் தோட்டம் செய்கிறாள். மகள் தாரணிக்குப் பதினேழு வயது. தகப்பன் போரின் கடைசி மாதங்களில் காணாமற்போனார். தாரணி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள்; அவருடைய முகம் அவளுக்கு நினைவில்லை. அவரது சிறிய படமொன்றை வைத்துக்கொண்டு யோகா ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஆனால் பிள்ளைக்கு முன்னால் ஒருநாளும் அழமாட்டாள். அதை ஒரு விரதம்போல வைத்திருந்தாள். தாரணி பஸ் ஏறிப் புதுக்குடியிருப்புக்குப் போய் ஓர் ஆசிரியையிடம் சங்கீதம் படித்தாள். போட்டிக்குத் தெரிவானதும் ஒரு பழைய பாட்டை எடுத்துக்கொண்டாள். அதன் சரணத்தில், குரல் உச்சத்துக்கு ஏறி, அங்கிருந்து சத்தமில்லாமல் இறங்கவேண்டிய இடமொன்று உண்டு. அந்த ஓரிடத்துக்காக மூன்று மாதம் உழைத்தாள். ஒருநாள் எனக்கு எடுத்து, "பெரியம்மா, அந்த இடம் இண்டைக்கு வந்திட்டுது, கேளுங்கோ" என்று தொலைபேசியிலேயே பாடிக் காட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் பத்துப் பேர். தாரணி மேடைக்கு வந்தாள். அறிவிப்பாளர் ஊரைப் பற்றிக் கேட்டார். அவள் பதில் சொல்லத் தொடங்க, திரையின் கீழே எழுத்து ஓடியது. தமிழ் நிகழ்ச்சியில் ஒரு தமிழ்ப் பிள்ளை தமிழில் கதைக்கிறாள். அதற்குத் தமிழிலேயே மொழிபெயர்ப்பு. "நான் சின்னனா இருக்கேக்க" என்று அவள் சொல்ல, "நான் சிறுமியாக இருந்தபோது" என்று கீழே எழுதினார்கள். எங்களில் யாரும் அதற்குக் கோபிக்கவில்லை. பல்லவி முடிந்தது. அடுத்தது சரணம் என்று நான் கதிரை நுனிக்கு வந்தேன். பக்கவாத்தியம் அடங்கி, ஒற்றை வயலின் அழத் தொடங்கியது. தாரணிக்குப் பின்னாலிருந்த பெரிய திரையில் அவளது தகப்பனின் முகம் ஒரு வீட்டளவுக்கு விரிந்தது. பிள்ளை திரும்பிப் பார்த்தாள். பாட்டு நின்றுவிட்டது. கமரா சபையில் இருந்த யோகாவைத் தேடிப் போனது. என் தங்கச்சி சேலைத் தலைப்பால் வாயை அடைத்துக்கொண்டு குலுங்கியதை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்தத் திரையில்தான். ஒரு நடுவர் கண்ணைத் துடைத்தபடி மேடைக்கு ஓடினார். உடனே சவர்க்கார விளம்பரம்.

நான் என்ன செய்தேன்? நானும் அழுதேன். அழுதுவிட்டு அந்தக் காட்சியை நாலு வட்சப் குழுக்களுக்கு அனுப்பினேன். "எங்கட பிள்ளை" என்று மேலே எழுதியும் விட்டேன்.

நான் வேலை செய்வது சிறுவர் பராமரிப்பு நிலையத்தில். திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில், கூட வேலை செய்யும் சில்யேயிடம் பெருமையாகக் காட்டினேன். மொழி விளங்காமலே கவனமாகப் பார்த்தாள். படம் விரிந்ததும் அவள் முகம் மலர்ந்தது. முடியும்வரை காத்திருந்துவிட்டு, "தகப்பன் எப்போது உள்ளே வருவார்?" என்று கேட்டாள்.

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. தொலைந்துபோன உறவுகளைத் தேடிக் கண்டுபிடித்து, கடைசியில் கதவைத் திறந்து காட்டும் நிகழ்ச்சி ஒன்று இங்கே உண்டு. இதையும் அப்படி நினைத்துவிட்டாள். அவர் வரமாட்டார், அவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றேன். என் நோர்வேஜிய மொழிதான் பிழைத்துவிட்டது என்று எண்ணி அவள் திரும்பவும் கேட்டாள். திரும்பவும் சொன்னேன். "அப்படியென்றால் ஏன் அந்தப் படத்தைக் காட்டினார்கள்?" என்றாள். தொலைபேசியை வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் போனேன்.

அன்று பின்னேரம் யோகாவுக்கு எடுத்தேன். சென்னையில், அவர்களுக்குக் கொடுத்த அறையில் இருந்தாள்.

"நீங்களும் அழுதனீங்களோ அக்கா?" என்றாள். "எல்லாரும் எடுத்து அழுதம் எண்டுதான் சொல்லுகினம். பாட்டு எப்பிடி எண்டு ஒருதரும் கேக்கேல்லை."

"பிள்ளை இடையில நிப்பாட்டிப் போட்டாளே" என்றேன்.

"ஆர் சொன்னது? முழுக்கப் பாடினவள். சரணம் அப்பிடி வந்தது. சபையில சனம் எழும்பி நிண்டு கைதட்டினது. அதுக்குப் பிறகுதான் படத்தைப் போட்டவை. ரீவியில வெட்டி மாத்திப் போட்டினம். படம் விண்ணப்பத்துக்கு எண்டு வாங்கினது அக்கா. நான் குடுத்தனான்."

அடுத்த சுற்றுக்கு நிகழ்ச்சிக்காரர்கள் தாரணியிடம் கேட்டதையும் சொன்னாள். "அப்பாகிட்ட பேசுற மாதிரி கேமராவ பாத்து ரெண்டு வார்த்தை பேசும்மா" என்றிருக்கிறார்கள். தாரணி, "நான் பாடத்தானே வந்தனான்" என்றாளாம். சிரித்துக்கொண்டே மூன்று நாள் கெஞ்சிப் பார்த்தார்கள். அவள் மாட்டேன் என்றே நின்றாள். அடுத்த சனிக்கிழமை அவளுக்குப் பதிலாக வேறொரு பிள்ளை நின்றது. தாரணி சொந்தக் காரணங்களால் விலகிவிட்டாள் என்று அறிவிப்பாளர் ஒரு வசனத்தில் முடித்துவிட்டு, அடுத்த கண்ணீருக்குப் போய்விட்டார்.

நானும் பாட்டுப் போட்டியில் பாடியவள்தான். வன்னியில் பள்ளிக்கூடம் கொட்டிலில் நடந்த காலம். மூன்று ஆசிரியர்கள் வாங்கில் இருந்து புள்ளி போட்டார்கள். அங்கே வரிசையில் நின்ற பிள்ளைகளில் வீட்டில் ஒரு சாவோ இடப்பெயர்வோ இல்லாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. அதை விசாரித்து அதற்கொரு புள்ளி போட அந்த ஆசிரியர்களுக்குத் தோன்றவில்லை. நான் தோற்று அழுதபோது ஓர் ஆசிரியை, "சுருதி விலகிப்போச்சு பிள்ளை, வேற ஒண்டுமில்லை" என்றார். எவ்வளவு பெரிய மரியாதை அது என்று இப்போதுதான் விளங்குகிறது. எங்கள் பிள்ளை பாடகியாக மேடை ஏறினால் அவளைத் தோற்கடிக்கட்டும், குறை சொல்லட்டும். அவளது சரணத்தை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தகப்பனைத் தொங்கவிட இவர்கள் யார்? அதைப் பார்த்து இனிப்புப் பையைக் கைமாற்றிய நாங்கள்தான் யார்? பிள்ளை பாடுவதைவிட அழுவது எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கிறது. தூரத்தில் இருப்பவர்களுக்கு அந்த அழுகை ஊருக்குச் செய்யும் கடமைபோல வேறு தோன்றிவிடுகிறது. நாலு குழுக்களிலும் நான் போட்டதை அழித்தேன். அதற்குள் அது எங்கெல்லாமோ போய்விட்டிருந்தது.

ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குப் பிறகு தாரணி ஓர் ஒலிப்பதிவு அனுப்பினாள். "முழுப்பாட்டும் இருக்கு பெரியம்மா. பிழை இருந்தால் சொல்லுங்கோ" என்று எழுதியிருந்தாள். வேலைக்குப் போகும் பஸ்ஸில் அதைப் போட்டேன். தரிப்பிடத்தின் பெயரைக் கேட்கவேண்டும் என்பதால் ஒரு காதில் மட்டும் காதொலிப்பானை மாட்டியிருந்தேன். அந்தக் காதில் விசுவமடு. எங்கோ ஓர் உழவு இயந்திரம் போகிறது, யோகா ஆட்டைத் துரத்துகிறாள், அவற்றின் நடுவே தாரணி பல்லவியை முடித்துச் சரணத்துக்கு ஏறுகிறாள். மற்றக் காதில், "நெஸ்தெ ஸ்டொப்" என்று சொல்லி, பஸ் நான் இறங்கவேண்டிய இடத்தின் பெயரைச் சொல்கிறது. எனக்குத் தெளிவாகவே கேட்டது. மணியை அழுத்தவேண்டிய விரல் மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.