ட்ராயில் வந்து இறங்கிய ரேமண்ட் ஸ்டோக்ஸ்

எங்கள் ட்ராயில் கோட்டை கிடையாது, கடலும் கிடையாது. ஒரு ரயில் நிலையம், ஒரு தானியக் கிடங்கு, லூத்தரன் தேவாலயம், நானும் என் கணவர் கஸ்ஸும் நடத்திய சாப்பாட்டுக் கடை. மற்றபடி நெப்ராஸ்காவின் சோளம்தான். மரக்குதிரைக்குள் ஒளிந்து வந்த வீரர்கள் ஒரு கோட்டை நகரைப் பிடித்த பழைய கிரேக்கக் கதையில் படித்த பெயரை நில அளவைக்கு வந்த எவனோ வைத்துவிட்டுப் போனானாம். அவனைப்போல் நிறைய பேர் இருந்திருக்க வேண்டும். இந்த நாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ட்ராய் உண்டு. எனக்கு வரவேண்டிய தையல் இயந்திரம் ஓஹையோ ட்ராய்க்குப் போய்ச் சுற்றிவிட்டு வந்தது. பல் வைத்தியரே இல்லாத எங்கள் ஊரில் ஒருமுறை பல் வைத்தியர் நாற்காலி வந்து இறங்கியது.

இந்தக் குளறுபடியை எல்லாம் தந்தியடித்துச் சரிசெய்து, வந்த சாமானை உரிய ட்ராய்க்கு அனுப்பிவைப்பவர் ஆல்வின் டீட்ஸ். நிலைய அதிகாரி அவர்தான், எடுபிடியும் அவர்தான். நிலையத்தின் மாடியிலேயே குடியிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. மூன்று வேளையும் எங்கள் கடையில் சாப்பாடு. சுவர்ப்பக்கம் முகத்தை வைத்து உட்காருவார். தந்திக் கருவியில் விரல் பேசுகிற வேகத்துக்கு வாய் பேசாது. "காபி", "போதும்", "நல்லாருந்துச்சு". அவ்வளவுதான் அவரிடமிருந்து வரும்.

அவரும் ரயிலில் வந்து இறங்கியவர்தான். அந்தக் காலத்தில் கிழக்கே பெரிய நகரங்களிலிருந்து அநாதைப் பிள்ளைகளை ரயிலேற்றி, ஊர் ஊராக நடைமேடையில் நிறுத்துவார்கள். குடியானவர்கள் வந்து, கையைத் தூக்கிப் பார்த்து, பல்லைப் பார்த்து, பிடித்ததைக் கூட்டிப் போவார்கள். ஆல்வினை எந்த ஊரிலும் யாரும் எடுக்கவில்லை. எங்கள் ஊரிலும் அப்படியே நின்றிருக்கிறார். அப்போதைய நிலைய அதிகாரி ஹாஸ் கிழவர்தான், "சரி, இவன் இங்கயே இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டார். ஹாஸ் இறந்தபின் அவர் கல்லறையை ஒட்டி ஆல்வின் தனக்கு ஓர் இடம் வாங்கிப் போட்டிருந்தார். சொந்தம் என்று சொல்ல அவருக்கு இருந்தது அந்த இடம்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருடக் கோடை. சோளம் நின்றபடியே கருகிய வருடம் அது. பகல் ரயில் ஒரு நீளமான மரப்பெட்டியை இறக்கிவிட்டுப் போனது. தானியக் கிடங்கு க்ரூகருக்கு வேலையில்லாததால் நடைமேடையில்தான் உட்கார்ந்திருப்பான்.

"டீட்ஸ், மரக்குதிரை வந்து இறங்கிடுச்சு பாரு. உள்ள எத்தனை பேருன்னு தட்டிப் பாரு" என்றான்.

ஆல்வின் குனிந்து பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "ஒருத்தர்தான்" என்றார்.

க்ரூகர் எழுந்து நின்றுவிட்டான்.

உள்ளே இருந்தது சவப்பெட்டி. பக்கத்தில் வைத்திருந்த மீன் பெட்டியின் பனிக்கட்டி உருகி வழிந்து சீட்டின் கீழ்ப்பாதியை அழித்துவிட்டிருந்தது. 'ரேமண்ட் ஸ்டோக்ஸ், ட்ராய்' என்பது வரை படிக்க முடிந்தது. எந்த மாநிலத்து ட்ராய் என்பது தண்ணீரோடு போய்விட்டது. ஆல்வின் மேற்கே தந்தி அடித்தார். ஏதோ அணைக்கட்டு வேலையில் விழுந்து செத்தவன் என்று பதில் வந்தது. ஒப்பந்தக்காரர் முகாமைக் கலைத்துவிட்டுப் போய்விட்டாராம். தனக்குத் தெரிந்த ட்ராய்களுக்கெல்லாம் தந்தி அடித்தார். ஸ்டோக்ஸ் என்று யாரும் இங்கே இல்லை என்றே வந்தது. சில ஊர்கள் பதிலே போடவில்லை.

வெயில் தகித்தது. பெட்டியைச் சரக்கு அறையில் வைத்து, ஈரச் சாக்குப் போர்த்தி, ஆல்வின் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். சாப்பாட்டுக்கும் வரவில்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு போனபோது பாதிரியார் லிண்ட் அங்கே இருந்தார்.

"வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிடு, ஆல்வின். ரயில்வே மேலிடத்துலயும் அதைத்தானே சொல்றாங்க?"

"அங்க வாங்கிக்க ஆள் இல்ல, பாஸ்டர். அங்கிருந்தும் திருப்பி அனுப்புவாங்க. இப்படியே எத்தனை ஊரு சுத்துவாரு?"

"எந்தச் சபையைச் சேர்ந்தவன்னு தெரியாம நம்ம கல்லறைத் தோட்டத்துல எப்படி வைக்கிறது?"

"நீங்களே கேட்டுப் பாருங்க. எனக்குப் பதில் சொல்ல மாட்டேங்குறாரு."

ஆல்வின் வாயிலிருந்து இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் வந்து நான் கேட்டதில்லை. பாதிரியாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. அதற்குமேல் மறுக்காமல் போய்விட்டார். ஹாஸ் கிழவர் பக்கத்தில் ஆல்வின் தனக்கென்று வைத்திருந்த இடத்தில் ரேமண்ட் ஸ்டோக்ஸை அடக்கம் செய்தோம். வந்தவர்கள் கொஞ்சப் பேர். க்ரூகர் பெட்டிக்குத் தோள் கொடுத்தான். நான் பன்றித்தொடை வாட்டி, உருளைக்கிழங்கு சாலட் செய்து கொண்டுபோனேன். துக்க வீடு எது என்று தெரியாததால் நிலையத்தின் காத்திருப்போர் அறையிலேயே பரிமாறினேன்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆல்வின் கல்லறைத் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். ஐரிஸ் பூச்செடியின் கிழங்கு நட்டார். அந்த வறட்சியில் ஒருநாள் விட்டு ஒருநாள் வாளியில் தண்ணீர் சுமந்தார். கடையில் யாராவது வேடிக்கையாக, "உன் தம்பி எப்படி இருக்கான், டீட்ஸ்?" என்று கேட்டால், "புல்லு வெட்டினேன். நல்லா இருக்கான்" என்பார். ஒருநாள் மாவுக்குள் செர்ரிப் பழம் வைத்து நான் சுட்ட பை பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, "ரேமண்டுக்கு இது பிடிச்சிருக்கும்" என்றார். நான் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

ஆனால் ஒன்று. புதைத்தாயிற்று என்று அவர் சும்மா இருக்கவில்லை. அந்த வழியாகப் போகிற ரயில்காரர் யாராக இருந்தாலும் நிறுத்தி, "ட்ராய்னு ஒரு ஊருக்குப் போனீங்கன்னா, ஸ்டோக்ஸ்னு ஒரு குடும்பம் இருக்கான்னு விசாரிங்க" என்பார். கஸ் ஒருமுறை கேட்டேவிட்டார்: "கண்டுபிடிச்சா கொண்டுபோயிடுவாங்களே, ஆல்வின். பேசாம விட்டுட வேண்டியதுதானே?"

"அவங்க தேடிட்டு இருப்பாங்கல்ல, கஸ்" என்றார் ஆல்வின். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்.

மூன்றாம் வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு பெண் ரயிலிலிருந்து இறங்கினாள். கறுப்புக் கோட்டு, கையில் அட்டைப்பெட்டி. அலபாமா ட்ராயிலிருந்து வருவதாகவும், பெயர் வெர்னா என்றும், ரேமண்ட் ஸ்டோக்ஸின் அக்கா என்றும் சொன்னாள். அவர்கள் டவுனிலிருந்து தள்ளி ஒரு பண்ணையில் குத்தகைக்கு இருந்தவர்களாம். ஆல்வினின் தந்தியை அங்கே வாங்கியவனுக்கு அவர்களைத் தெரியவில்லை. சரக்கு ரயில்காரன் ஒருவன் சொல்லித்தான் சேதி எட்டியிருக்கிறது.

"பெட்டிய அனுப்பிட்டோம்னு மட்டும் சேதி வந்துச்சு" என்றாள் என் கடையில் உட்கார்ந்து. "எங்கம்மா தினமும் ஸ்டேஷனுக்குப் போனாங்க. வேண்டாம்னா கேட்கல. இப்போ எழுந்திரிக்க முடியல. அவனைக் கொண்டு வந்துட்டேன்னு சொன்னாத்தான் கண்ணை மூடுவாங்க."

ஆல்வின் எதிரே நின்றிருந்தார். "நாளைக்கு மத்தியான வண்டியில ஏத்திடலாம்" என்றார்.

வெர்னா கல்லறையைப் பார்த்தாள். ஐரிஸ் இலைகள் காய்ந்திருந்தாலும் வரிசையாக நின்றன. குனிந்து ஓர் இலையைத் தொட்டுவிட்டு, "என் தம்பி உங்களுக்கு எப்படிப் பழக்கம், மிஸ்டர் டீட்ஸ்?" என்று கேட்டாள்.

"இங்க வந்தப்புறம்தான் பழக்கம்" என்றார்.

அவள் அழுதாள். ஆல்வின் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். பிறகு, தன் தம்பி எப்போதும் கூடவே வாயில் வைத்து ஊதும் ஒரு சின்ன ஆர்மோனிக்கா வைத்திருப்பான், சமைக்கத் தெரியாது, குதிரை என்றால் பயம் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஆல்வின் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். இடையில் ஒரு கேள்விதான் கேட்டார்: "செர்ரிப் பை சாப்பிடுவாரா?"

"எங்க ஊர்ல செர்ரி ஏதுங்க? பீச் பழப் பைதான் சாப்பிடுவான்."

"ஓ" என்றார் ஆல்வின்.

மறுநாள் குழிவெட்டியோடு சேர்ந்து அவரும் மண்வெட்டி பிடித்தார். புதுப் பலகையில் பெட்டி அடித்து, மூடியில் பெயரையும் ஊரையும் மாநிலத்தையும் கறுப்பு வர்ணத்தில் தானே எழுதினார். சீட்டு ஒட்ட மறுத்துவிட்டார். வண்டி வந்தது. "நீங்களும் வாங்க, அம்மா உங்களைப் பார்க்கணும்பாங்க" என்றாள் வெர்னா. நிலையத்தை விட்டுவிட்டு வரமுடியாது என்றார். கொடியைக் காட்டி வண்டியை அனுப்பினார். திறந்து கிடந்த குழியை என்ன செய்வது என்று குழிவெட்டி கேட்டதற்கு, "மூடிடு. இப்ப அவசரம் இல்ல" என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் ரேமண்ட் பேரை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி ஜன்னலில் ஆள் தெரியும். தண்டவாளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கேலி செய்யக்கூட யாருக்கும் மனம் வரவில்லை.

வசந்தம் வந்ததும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எடுக்காத விடுப்பை எடுத்துக்கொண்டு அலபாமாவுக்குப் போனார். சாக்கில் ஐரிஸ் கிழங்கு கொண்டுபோனார். திரும்பி வந்ததும் நேராகக் கடைக்குத்தான் வந்தார்.

"எப்படி இருக்கு அந்த ட்ராய்?" என்று கேட்டேன்.

"பெரிய ஊரு. மண்ணு சிவப்பா இருக்கு." காபியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "அம்மா போன மாசம் தவறிட்டாங்களாம். அவன் பக்கத்துலதான் வச்சிருக்காங்க. அப்பா, சித்தப்பா, தாத்தா, எல்லாரும் அங்கதான். சுத்தியும் ஸ்டோக்ஸுங்களா இருக்காங்க, லீனா."

"அப்போ நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றார். "எனக்குத்தான் கிழங்கு நட இடம் கிடைக்கல."

கஸ் பாத்திரங்களைக் கழுவி முடித்து, விளக்குகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அணைத்தார். ஆல்வின் எழுந்திருக்கவில்லை. காலடியில் அந்தக் கிழங்குச் சாக்கு கிடந்தது. நான் அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.